ஆறு கிலோ மரநாய்க் காபி

"முந்நூறு பைங்க தம்பி. ஆளுக்கு இருபது கிராம். ஆக மொத்தம் ஆறு கிலோ. தை மாசத்துக்குள்ள வேணும்."

2019 ஆனியில் எங்கள் கடைப் படியில் நின்றுகொண்டு திருப்பூர்க்காரர் ஒருவர் போட்ட கணக்கு இது. பனியன் கம்பெனி வைத்திருப்பவர், அப்பா காலத்து வாடிக்கை. மாதம் இரண்டு கிலோ, பிளான்டேஷன் ஏ-யும் பீபெரியும் பாதிக்குப் பாதி, நூற்றுக்கு இருபது சிக்கரி போட்டு அரைத்து வாங்கிப் போவார். மகள் கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்குத் தாம்பூலப் பையில் தேங்காயோடு 'அந்தப் பூனைக் காபி'யும் போட்டுக் கொடுக்க ஆசை. ஏதோ இங்கிலீஷ் படத்தில் பார்த்தாராம். 2007இல் வந்த 'தி பக்கெட் லிஸ்ட்' அது. ஜாக் நிக்கல்சன் பெருமையாகக் குடிக்கும் காபி எதன் வயிற்றிலிருந்து வருகிறது என்று மார்கன் ஃப்ரீமன் சொல்ல, இருவரும் கண்ணில் நீர் வரச் சிரிப்பார்கள்.

"பண்ணிடலாங்க" என்று சொல்லிவிட்டேன். நாற்பது வருடமாகக் காபிக்கொட்டை வாங்கி விற்கிற குடும்பம், இது ஒன்று முடியாதா என்கிற தெனாவட்டு. ஆறு கிலோ என்றால் எவ்வளவு என்பது ஐந்து மாதம் கழித்து, சுமத்ராவில் ஒரு மலைச்சரிவில், கால் சேற்றில் புதைந்து நின்றபோதுதான் விளங்கியது. இப்போது இந்தக் காபியைத் தேடிப் பலர் என்னிடம் விசாரிக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பெயர். நம் பத்திரிகைகளில் இது 'புனுகுப்பூனைக் காபி' என்றே வரும். புனுகுப்பூனை வேறு. வாலில் கறுப்பு வளையங்கள் ஓடும், பெரும்பாலும் தரையில் திரியும். திருப்பதிப் பெருமாளுக்குச் சாத்தும் புனுகு அதனுடையது. காபிப் பழம் தின்கிற ஆள் மரநாய். கரிய உடம்பு, முகமூடி கட்டிய மாதிரி முகம், நீள வால். ஓட்டு வீட்டுப் பரணில் குட்டி போட்டு ராத்திரி முழுக்கத் தடதடவென்று ஓடி நம் தூக்கத்தைக் கெடுப்பதும், தென்னை உச்சியில் கட்டிய கள்ளுக் கலயத்தில் வாய் வைப்பதும் இதுதான். நாயும் இல்லை, பூனையும் இல்லை. இந்தோனேசியாவில் இதற்கு லுவாக் என்று பெயர். காபிக்கு அங்கே கோப்பி. ஆகவே கோப்பி லுவாக். சிலர் விற்கும் டப்பாவின் மேல் வளைய வால் போட்ட மிருகம் அச்சடித்திருக்கும். எந்த மிருகம் என்றே தெரியாதவர் அதைக் காட்டில் பார்த்திருக்க முடியாது என்று நான் எடுத்துக்கொள்வேன்.

மரநாய் பழத்தை முழுசாக விழுங்கும். சதை செரிந்துவிடும். கொட்டையும் அதைப் போர்த்திய தோலும் (எங்கள் தொழிலில் பார்ச்மென்ட் என்போம்) அப்படியே வெளியே வரும். கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்து மாசிமோ மார்கோனே 2004இல் இந்தக் கொட்டைகளை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, மேற்பரப்பில் நுண்ணிய குழிகளைக் கண்டார். செரிமானச் சாறு உள்ளே புகுந்து புரதத்தைக் கொஞ்சம் உடைத்திருந்தது. கசப்புக் குறைவதற்கு அது காரணமாக இருக்கலாம் என்றார். பயன் அவ்வளவுதான். டப்பாக்களில் போட்டிருக்கும் மற்ற புராணமெல்லாம் விற்பனைக்கு.

டச்சுக்காரர்கள் நம் மலபாரிலிருந்துதான் ஜாவாவுக்குக் காபி நாற்றுக் கொண்டுபோனார்கள். 1830க்குப் பிறகு குடியானவர்களைக் கட்டாயமாகக் காபி பயிரிட வைத்தார்கள். பறித்ததெல்லாம் துரைக்கு, வளர்த்தவன் ஒரு பழத்தைத் தொடக்கூடாது. அப்போது தோட்டத்தில் மரநாய் போட்டுவிட்டுப் போனதைப் பொறுக்கிக் கழுவிக் குடித்துப் பார்த்தார்கள் என்பதுதான் அங்கே வழங்கும் கதை. வேறு கிடைக்காதவன் குடித்த காபி இது என்பதைத் தாம்பூலப் பைக்காரர்கள் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

2019 நவம்பரில் வீட்டம்மாவுக்கு பாலி காட்டுகிறேன் என்று சாக்குச் சொல்லிக் கிளம்பினேன். உபுதிலிருந்து கிந்தாமணி போகிற சாலை நெடுக 'லுவாக் கோப்பி' பலகைகள். ஓட்டுநர் கேட்காமலேயே ஓரிடத்தில் வண்டியை நிறுத்தினார். அவருக்கு அதில் பங்கு உண்டு என்று பிறகுதான் உறைத்தது. இஞ்சி டீ, லெமன்கிராஸ் டீ எல்லாம் சின்னச் சின்னக் கிண்ணங்களில் இலவசம். லுவாக் மட்டும் கோப்பை 50,000 ருபியா, நம் காசில் 250 ரூபாய் வரும். நுழைவாயிலில் மூங்கில் தட்டில் 'இன்று காலை பொறுக்கியது' என்று எச்சக் கட்டிகள். ஓரமாக மூன்று கூண்டுகள். ராத்திரி நடமாடும் பிராணியை நடுப்பகலில் குச்சியால் தட்டி எழுப்பி, வெள்ளைக்காரக் குழந்தைகளுக்குக் காட்டிக்கொண்டிருந்தார்கள். ஒன்று கூண்டின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்குமாக நாலடி போய்த் திரும்பி, மறுபடி நாலடி போய்த் திரும்பிக்கொண்டே இருந்தது. நான் இரண்டு டீ குடித்து முடிக்கிற வரை அது நிற்கவில்லை. வாலில் பாதி மயிர் இல்லை.

"இது வேடிக்கைக்கு வெச்சது. காபி காட்டுலருந்து வருது" என்றார் வழிகாட்டிப் பையன். எல்லா இடத்திலும் இதே வாசகம்தான். நான் காபிச் செடியைப் பார்க்க வேண்டும் என்று பின்பக்கம் போனேன். செடிகளில் மிளகளவு பச்சைக் காய்தான் இருந்தது. பாலி மலையில் அறுவடை வைகாசி வாக்கில் ஆரம்பித்துப் புரட்டாசியோடு முடிந்துவிடும். பழமே இல்லாத மாதத்தில் எந்தக் காட்டு மரநாய் காபிப் பழம் தின்றது? அந்தத் தட்டிலிருந்த கட்டிகளைக் குனிந்து பார்த்தேன். ஒவ்வொன்றும் சுத்தமாகக் காபிக்கொட்டை மட்டும். வேறு ஒரு விதை இல்லை. இது ஏன் முக்கியம் என்று பின்னால் சொல்கிறேன்.

ஆக்ஸ்ஃபோர்டின் காட்டுயிர் ஆய்வுக் குழுவும் ஒரு விலங்குநல அமைப்பும் சேர்ந்து பாலியில் இப்படி 16 இடங்களில் 48 மரநாய்களின் கூண்டுகளை ஆராய்ந்து 2016இல் அறிக்கை வெளியிட்டன. அடிப்படைத் தேவைகளையாவது நிறைவேற்றிய இடம் என்று ஒன்றுகூட இல்லை. கூண்டில் வைத்தால் காபியின் கதையும் கெடுகிறது. காட்டு மரநாய் நன்றாகப் பழுத்ததாகப் பார்த்துத் தின்னும், அதுதான் ருசிக்குக் காரணம் என்கிறார்கள். கூண்டில் பழத்தைத் தேர்ந்தெடுப்பது கூடை வைத்திருக்கிறவன்தான்.

பாலியை விட்டுக் கிளம்பும்முன் நான் செய்த மடத்தனத்தையும் எழுதிவிடுகிறேன். ஒரு கடையில், மரப்பெட்டி, வரிசை எண், தங்க நிற முத்திரை, சான்றிதழ் சகிதமாகக் கால் கிலோ வாங்கினேன். 'காட்டு லுவாக்' என்று பெரிய எழுத்தில் இருந்தது. சான்றிதழ் இந்தோனேசிய மொழியில். இவ்வளவு முத்திரை போட்டிருக்கிறானே என்று நம்பிவிட்டேன்.

வீட்டம்மாவை பாலியிலிருந்து ஊருக்கு ஏற்றிவிட்டு நான் மேடானுக்குப் போனேன். மேடானில் நம்மவர்கள் உண்டு. புகையிலைத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போனவர்களின் வாரிசுகள். 1884இல் கட்டிய மாரியம்மன் கோயில் அங்கே இருக்கிறது. அந்தக் கோயில் தெருவில் மசாலாக்கடை வைத்திருக்கும் ஒரு பெரியவரை, கோவையில் எனக்கு ஏலக்காய் போடுகிறவர் அறிமுகப்படுத்தியிருந்தார். அவர் தமிழ் கொஞ்சம் தேய்ந்த தமிழ், ஆனால் அன்பு தேயவில்லை. பெட்டியை நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சான்றிதழை வரிவரியாகப் படித்தார்.

"ஈரம் எவ்வளவுன்னு போட்டிருக்கான். பூஞ்சை இல்லைன்னு போட்டிருக்கான். ஹலால்னு போட்டிருக்கான். காட்டுதுன்னு எங்கயும் போடலையே தம்பி."

இதை நான் இன்று வரை மறக்கவில்லை. சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்கக்கூடாது. அது எதற்கான சான்றிதழ் என்று படிக்க வேண்டும். இந்தோனேசிய உலமா சபை 2010இல், கொட்டையை நன்றாகக் கழுவினால் இந்தக் காபி ஹலால் என்று தீர்ப்புச் சொன்னது. அது சுத்தத்தைப் பற்றிய பேச்சு. ஈரப்பதம், பூஞ்சைச் சோதனை எல்லாம் எந்தக் காபிக்கும் எடுப்பது. ஒசாகா பல்கலைக்கழகத்தார் 2013இல் சிட்ரிக், மாலிக் அமிலங்களின் அளவை வைத்து லுவாக் காபியைச் சாதாரணக் காபியிலிருந்து பிரிக்கும் வழி ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். பாதிக்குப் பாதி கலப்படம் செய்தாலும் பிடிபடுமாம். நல்ல விஷயம்தான். ஆனால் அதுவும் லுவாக்கா இல்லையா என்பதற்குத்தான், கூண்டா காடா என்பதற்கில்லை.

அதே 2013இல் பிபிசி ரகசியக் கேமராவோடு வட சுமத்ராவுக்குப் போய், கூண்டு மரநாய்களின் காபி 'காட்டுக் காபி' என்று பெயர் மாறிப் போவதைப் படம் பிடித்தது. அந்தச் சமயத்தில் இந்தக் காபிக்கு எதிராகப் பிரசாரம் தொடங்கியவர் டோனி வைல்ட். 1991இல் இதை பிரிட்டனுக்குக் கொண்டுவந்த ஆளே அவர்தான். தேயிலை, காபிக் கம்பெனி ஒன்றில் கொள்முதல் பார்த்தவர். அப்போது அவர் வாங்கியது எவ்வளவு தெரியுமா? ஒரே ஒரு கிலோ. ஒரு பெரிய கம்பெனிக்கு ஒரு கிலோ. நான் முந்நூறு பைக்கு ஆறு கிலோ தேடிக்கொண்டிருந்தேன்.

அடுத்து, காபி விளையும் காயோ மலைக்குக் கிளம்பினேன். மசாலாக்கடைப் பெரியவரும் கூடவே வந்தார். "காயோ மலைக்கு நான் போனதே இல்ல, வா போவோம்" என்றார். மேடானிலிருந்து பிருவென் வழியாக ராத்திரி முழுக்க வண்டி. விடிகாலையில் தகேங்கோன். மலைகளுக்கு நடுவே லௌத் தவார் என்கிற பெரிய ஏரி, சுற்றிலும் சரிவுகளில் அராபிகா. நிழலுக்கு நம்மூர்ச் சவுண்டல் மரம். ஊட்டிக்குப் போன மாதிரிக் குளிர். அங்கே கார்த்திகை மாதத்தில் பழம் சிவந்து தொங்கிக்கொண்டிருந்தது. சரியான பருவத்துக்குத்தான் வந்திருக்கிறோம் என்று முதன்முறையாகத் தைரியம் வந்தது.

ஊரில் விசாரித்தோம். இரண்டு வியாபாரிகள், "எத்தனை கிலோ வேண்டும்? ஐம்பதா, நூறா?" என்றார்கள். மாதிரி காட்டினார்கள். விலையும் சல்லிசு. மூன்றாவதாக ஒருவர் சிரித்துவிட்டு, மேலே ஒரு கிராமத்தில் ஓர் அம்மா பொறுக்குகிறாள், போய்க் கேளுங்கள் என்றார். போனோம். ஐம்பது வயதிருக்கும். தலையில் முக்காடு, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். பெரியவர் மலாயில் விஷயத்தைச் சொன்னார். அந்த அம்மா ஒரே வார்த்தையில் பதில் சொன்னாள்: "ஹபிஸ்."

தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். போன வாரம் யாரோ ஒன்றரைக் கிலோ வாங்கிப் போய்விட்டார்கள், இனிமேல்தான் சேர வேண்டும் என்றாள். பாலியிலும் தகேங்கோன் கடைத்தெருவிலும் ஒருவர்கூட எனக்கு இந்த வார்த்தையைச் சொல்லியிருக்கவில்லை. இங்கே உட்கார்ந்துவிடலாம் என்று பெரியவரிடம் சொன்னேன்.

மறுநாள் விடிகாலை அவளோடு தோட்டத்துக்குள் போனோம். தூறல். செடிகளை அவள் பார்க்கவே இல்லை. விழுந்து கிடக்கும் மரங்களையும், பாறை முதுகையும், வாய்க்கால் வரப்பையும் மட்டும் பார்த்துக்கொண்டு போனாள். மரநாய்க்குச் செடிக்கடியில் ஒளிந்து வெளிக்குப் போகிற பழக்கமில்லை. மேடாக, திறந்த இடமாகத்தான் போகும். முக்கால் மணி நேரம் கழித்து, பாசி பிடித்த ஒரு கட்டையின் மேல் முதல் கட்டி. பார்க்க அச்சு அசலாகக் கோவில்பட்டி கடலைமிட்டாய் மாதிரி. வெல்லப்பாகில் ஒட்டிய நிலக்கடலை போலக் கொட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. நாற்றம் என்று பெரிதாக இல்லை. ஈர மண்ணும் புளித்த பழமும் கலந்த ஒரு வாடை. அவள் ஒரு குச்சியால் அதைப் பிளந்து காட்டினாள். காபிக்கொட்டைகளுக்கு நடுவே வேறு ஏதோ பழத்தின் கறுத்த சின்ன விதைகள், ஒரு வண்டின் இறக்கை ஓடு, இரண்டு மூன்று மயிர். காட்டு மரநாய் காபியை மட்டும் தின்று உயிர் வாழாது. அத்தி தின்னும், கூந்தற்பனை தின்னும், பூச்சி, எலி எது கிடைத்தாலும் விடாது. கழுவாத கட்டியில் வேறு விதையே இல்லை என்றால் அந்தப் பிராணிக்கு யாரோ தட்டில் காபிப் பழம் வைக்கிறார்கள் என்று அர்த்தம். பாலியில் நான் குனிந்து பார்த்த தட்டு அப்போதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது.

அதனால் எவரிடம் வாங்கினாலும் நான் முதலில் கேட்பது கழுவாத கட்டியின் படம், முடிந்தால் கட்டியையே. கழுவித் தோல் நீக்கி வறுத்தபிறகு, கண்ணால் பார்த்து இது லுவாக் என்று சொல்கிறவனை நம்பாதீர்கள். நாற்பது வருடமாகக் கொட்டை பொறுக்குகிற எங்கள் கணக்குப்பிள்ளையாலும் முடியவில்லை. ஓர் அறிகுறி மட்டும் உண்டு. காட்டிலிருந்து வந்த கொட்டையில் சிறிசும் பெரிசும் பீபெரியும் கலந்து கிடக்கும். சல்லடை போட்டுச் சலித்த மாதிரி ஒரே அளவாக இருந்தால் யாரோ மெஷினில் தரம் பிரித்த சரக்கு.

நாலாவதாகக் கண்ட கட்டியில் வெள்ளை பூத்திருந்தது. அவள் அதை எடுக்கவில்லை. மழையில் இரண்டு நாள் கிடந்தது, பூஞ்சை உள்ளே போயிருக்கும், கழுவினால் போகாது என்றாள். சுத்தத்தைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு இதையே சொல்வேன். வெளியே ஒட்டியிருப்பதைத் தண்ணீரும் பார்ச்மென்ட் தோலும் பார்த்துக்கொள்ளும், 200 டிகிரி தாண்டிய வறுப்பு மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். பயப்பட வேண்டியது பூஞ்சைக்குத்தான். எத்தனை நாளில் பொறுக்கினார்கள், எப்படிக் காய வைத்தார்கள் என்று கேட்க வேண்டும்.

மூன்று மணி நேரத்தில் மூன்று கட்டி. ஓடையில் கழுவி, முறத்தில் பரப்பினாள். காய்ந்து தோல் நீக்கினால் எவ்வளவு தேறும் என்று கேட்டதற்கு உள்ளங்கையைக் குழித்துக் காட்டினாள். நூறு கிராம். வறுத்தால் 85 கிராம். நம் ஃபில்டரில் ஐந்தாறு டம்ளர். அங்கேயே கணக்குப் போட்டேன். திருப்பூர்க்காரரின் ஆறு கிலோவுக்கு இந்த அம்மா எழுபது விடியல் நடக்க வேண்டும், எழுபது நாளும் மூன்று கட்டி அகப்பட வேண்டும். கடைத்தெருவில் ஐம்பதா நூறா என்று கேட்டவர் கூண்டு வைத்திருக்கிறார், அல்லது சாதாரண அராபிகாவை மூட்டை மாற்றுகிறார். வேறு வழியே இல்லை.

மூன்று நாள் தங்கினோம். அவளும் பக்கத்து வீடுகள் இரண்டும் சொந்தத்துக்கென்று வைத்திருந்ததைச் சேர்த்து, பச்சைக் கொட்டை அரைக் கிலோ கொடுத்தார்கள். கிலோ 10 லட்சம் ருபியா விலை. எனக்கு ஆனது 5 லட்சம், சுமார் 2,500 ரூபாய். உலகச் சந்தையில் காட்டு லுவாக் கிலோ 1,300 டாலர் வரை போகிறது என்பார்கள், கூண்டுச் சரக்கு 100 டாலருக்கும் கிடைக்கும். விலையை மட்டும் வைத்து எதையும் உண்மை என்று முடிவுகட்ட முடியாது. கடையில் மலிவாக இருந்தால் பொய் என்று சொல்லலாம், அதிகமாக இருந்தால் உண்மை என்று சொல்ல முடியாது. பச்சைக் கொட்டையை இந்தியாவுக்குள் கொண்டுவரத் தாவர நோய்த்தடுப்பு அனுமதி அது இதென்று அலைய வேண்டும். அதனால் தகேங்கோனிலேயே ஒரு சின்ன வறுவல் கடையில் கூட நின்று வறுத்துக்கொண்டேன். மிதமான வறுப்பு. கரியாக வறுத்தால் எந்தக் காபியும் ஒரே காபிதான், திருடனுக்கு அதுதான் வசதி. அதே காரணத்தால் தூளாக வாங்கவே கூடாது.

ருசி? அந்த அம்மா வீட்டிலேயே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்தோம், அவளுடைய சாதாரணக் காயோ அராபிகாவையும் லுவாக்கையும். லுவாக் வழுவழுப்பாக இருந்தது. கசப்பு இல்லை, புளிப்பும் இல்லை. மழை பெய்த மண் வாசனை மெல்ல. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் என் நாக்கு அந்தச் சாதாரணக் காயோவைத்தான் இன்னொரு வாய் கேட்டது. அதில் ஒரு துள்ளல் இருந்தது. பெரியவர் இரண்டிலும் ஒன்றரைக் கரண்டி சர்க்கரை போட்டுக்கொண்டு, "ரெண்டும் நல்லாத்தான் இருக்கு" என்று முடித்துவிட்டார். பால் ஊற்றிக் குடிக்கப் போகிறவர்கள் இதற்குக் காசு செலவழிக்க வேண்டாம். சிக்கரியோடு கலக்கக் கேட்டால் எங்கள் கடையில் கொடுக்க மாட்டேன்.

420 கிராமோடு ஊருக்குத் திரும்பினேன். திருப்பூர்க்காரரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, எழுபது விடியல் கணக்கைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "அப்ப உங்களால முடியாதுங்கறீங்க" என்றார். ஆமாங்க என்றேன். சம்பந்தி வீட்டாருக்கு மட்டும் கொடுங்கள் என்று நூறு கிராம் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். ஆனால் முகம் சரியில்லை.

தையில் கல்யாணம். பந்தி முடிந்து வெளியே வரும்போது தாம்பூலப் பை கையில் வந்தது. உள்ளே தேங்காய்க்குப் பக்கத்தில் பளபளவென்று ஒரு பொட்டலம், '100% காட்டுப் புனுகுப்பூனைக் காபி, 20 கிராம்.' ஒரே வாரத்தில் ஆறு கிலோவும் எங்கிருந்தோ வந்து இறங்கிவிட்டதாம். வீட்டுக்கு வந்து கண்ணாடி டம்ளரில் பச்சைத் தண்ணீர் பிடித்து, பொட்டலத்திலிருந்து ஒரு சிட்டிகை தூவினேன். காபித்தூள் கொஞ்ச நேரமாவது மிதக்கும். சிக்கரி விழுந்த வேகத்தில் நூல் நூலாகப் பழுப்பு விட்டுக்கொண்டு அடியில் இறங்கும். டம்ளரில் பழுப்பு நூல்கள் இறங்கிக்கொண்டிருந்தன. சிக்கரியைச் செரித்துப் போடுகிற மரநாய் எந்தக் காட்டில் இருக்கிறதோ. வீட்டம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இதை அவருக்குச் சொல்லிட வேண்டாம்" என்றாள். சொல்லவில்லை.

அதற்கப்புறம் இந்தோனேசியாவுக்குப் போகவில்லை. போகத் தேவையும் இல்லை. குடகில் நிழல் மரம் அடர்ந்த தோட்டங்களில் மரநாய் தாராளமாக இருக்கிறது. கேரள மத்தியப் பல்கலைக்கழகத்தார் குடகுத் தோட்டங்களில் பொறுக்கிய எச்சத்திலிருந்து ரோபஸ்டாக் கொட்டைகளை எடுத்துப் பரிசோதித்து 2025இல் எழுதியிருந்தார்கள். செடியில் பறித்ததைவிடக் கொழுப்புச் சத்து இதில் கூடுதல், காஃபீனில் பெரிய வித்தியாசமில்லை என்றார்கள். நமக்கு இன்னொரு வசதி, சட்டம். 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மரநாயைப் பிடித்துக் கூண்டில் போடுவது இங்கே குற்றம். ஆகவே இந்தியாவில் எவராவது 'எங்கள் பண்ணை மரநாய்கள்' என்று பெருமையாகப் பேசினால், அவர் தன் வாயாலேயே வாக்குமூலம் கொடுக்கிறார். அப்படி ஒருவர் என் கடைக்கே வந்து மாதிரிப் பொட்டலம் வைத்தார். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

சித்தாபுரம் பக்கம் ஒரு தோட்டத்தில் வேலை பார்க்கும் ஓர் அக்கா எனக்குப் பொறுக்கித் தருகிறார். சேலத்துப் பக்கத்திலிருந்து இரண்டு தலைமுறைக்கு முன்னால் போன குடும்பம். தோட்ட முதலாளிக்குத் தெரிந்துதான் நடக்கிறது. அவரிடம் முதலிலேயே பேசி, பொறுக்குகிறவருக்குத் தனிக் கூலி இவ்வளவு என்று பேசிக்கொண்டுதான் ஆரம்பித்தேன். இல்லாவிட்டால் நாளைக்கு அது திருட்டு என்று ஆகிவிடும், பழி அந்த அக்கா மேல் விழும். அராபிகா கார்த்திகையிலிருந்து, ரோபஸ்டா தை பிறந்தபிறகு. கிலோவுக்கு இவ்வளவு என்று முன்பணம் கொடுப்பதில்லை. ஒருமுறை கொடுத்துப் பார்த்தேன், கிலோவைச் சேர்ப்பதற்காகப் பூஞ்சை பிடித்த கட்டியெல்லாம் வந்து சேர்ந்தது. தப்பு என்னுடையது. இப்போது நடந்த நாளுக்குக் கூலி, கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும். நல்ல பருவத்தில் இரண்டு கிலோ வரும். போன வருடம் எண்ணூறு கிராம்தான்.

போன வாரம் போன் செய்தேன். சென்னையிலிருந்து ஒருவர் கால் கிலோவுக்கு இரண்டு மாதமாகக் காத்திருக்கிறார்.

"இந்த வாரம் ஒண்ணுமே தேறலைங்கண்ணா" என்றார் அக்கா. "ஆத்தோரம் அத்தி பழுத்துக் கெடக்குது. எல்லாம் அங்க போயிருச்சுக. தோட்டத்துப் பக்கம் ஒண்ணக்கூடக் காணோம்."

"எப்ப திரும்பி வரும்?"

"அத்தி தீரோணுமில்ல."

நோட்டில் அந்த வாரத்துக்கு எதிரே சுழியம் போட்டு, பக்கத்தில் 'அத்தி' என்று எழுதிவைத்துவிட்டு, சென்னைக்காரருக்குப் போன் போட்டேன்.